வெள்ளாற்றுக்குப் போன அரை மதிப்பெண்

போன வாரம் மகளின் சமூக அறிவியல் விடைத்தாளில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். ஒன்பதாம் வகுப்பு, இரண்டாம் இடைப்பருவத் தேர்வு. 'கழிமுகம் என்றால் என்ன? எடுத்துக்காட்டு தருக' என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் இடம் என்று ஒழுங்காக எழுதி, நர்மதை, தபதி, வெள்ளாறு என்று மூன்று பெயர் போட்டிருந்தாள். வெள்ளாற்றின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் 'கிழக்கே பாயும் ஆறு' என்று குறிப்பு. அரை மதிப்பெண் போச்சு.

"நம்ம ஆறு கடல்ல சேரலியாப்பா?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு வங்கக் கடலில் விழும் இடம் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அன்றைக்கு வேகும் குழம்பு மீனே அந்தக் கழியில் பிடித்ததாக இருக்கும். இந்த ஊர்ப் பிள்ளை வெள்ளாற்றை எழுதாமல் வேறு எதை எழுதும்?

ஆசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நானும் அப்படித்தான் படித்தேன். கிழக்கே பாயும் மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி டெல்டா உண்டாக்கும். மேற்கே பாயும் நர்மதை, தபதி கழிமுகம் உண்டாக்கும். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அளவெடுத்துத் தைத்த வாக்கியம். பிழைப்புக்காகக் கடற்கரை முழுக்கச் சுற்றிய பிறகுதான் அது எனக்கு இடிக்க ஆரம்பித்தது.

நான் இறால் பண்ணை டெக்னீஷியன். 22 வருடமாக இதே வேலை. ஆந்திராவில் பீமாவரம், ஒடிசாவில் பாலேஸ்வர், வங்காளத்தில் கான்டாய், குஜராத்தில் ஓல்பாட் என்று குளம் எங்கே வெட்டினார்களோ அங்கே போய் ஒரு சீசன், இரண்டு சீசன் இருந்துவிட்டு வருவேன். பண்ணைக்குத் தண்ணீர் பெரும்பாலும் கழியிலிருந்துதான் வரும். அதனால் காலையில் எழுந்ததும் நான் பார்க்கும் முதல் முகம் ரிஃப்ராக்டோமீட்டர். டார்ச் லைட் மாதிரி ஒரு சின்னக் குழல். முனையில் இருக்கும் கண்ணாடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். கோடு நிற்கும் எண்தான் உப்பு. நல்ல தண்ணீர் என்றால் 0, நடுக்கடல் என்றால் 35 பக்கம். அதாவது ஒரு கிலோ கடல் தண்ணீரைக் காய்ச்சினால் 35 கிராம் உப்பு மிஞ்சும். கழிமுகம் என்பது இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் தினமும் அல்லாடும் தண்ணீர்.

இன்னொரு சாமானும் என் பையில் எப்போதும் இருக்கும். ஒரு பழைய சோடா பாட்டில். கழுத்தில் கயிறு, அடியில் கட்டிய கல், வாயில் தக்கை, தக்கைக்குத் தனியாக ஒரு கயிறு. ஆழத்துக்கு இறக்கி, தக்கைக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் அடித்தண்ணீர் உள்ளே ஏறும். மேலே குமிழ் வருவது நின்றதும் இழுத்துவிடலாம். ஆராய்ச்சிக்காரர்கள் இதற்கு விலையுயர்ந்த கருவி வைத்திருக்கிறார்கள். எனக்கு இது போதும்.

இந்த பாட்டிலை ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாற்றில் இறக்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மேல்தண்ணீர் சப்பென்று இருக்கும். சேலம் மலைகளில் பெய்து, வசிஷ்ட நதி, சுவேத நதி வழியாக வந்த மழைத்தண்ணீர் அது. அடித்தண்ணீர் நாக்கில் பட்டால் கரிக்கும். உப்புத் தண்ணீர் கனம் அதிகம், அதனால் கடல் அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து, மேலே ஓடும் ஆற்றின் கீழே படுத்துக்கொள்கிறது. அப்பா வீச்சுவலை வீசுகிறவர். அவர் பாட்டில் எல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. வலையில் மேலே கெண்டையும் கீழே மடவையும் சேர்ந்து வந்தால் "ரெண்டு தண்ணி ஓடுது" என்பார். சித்திரை, வைகாசியில் அதே இடத்துக்குப் போனால் ஆறே கிடையாது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்குக் கீழே வருவதற்குத் தண்ணீர் இருக்காது. ஏத்தத்தில் கடல் உள்ளே வரும், வத்தத்தில் திரும்பிப் போகும். மேலே 35, கீழேயும் 35. வெயில் கடுமையான வருடங்களில் அதையும் தாண்டும்.

உலகப் பாடப்புத்தகங்களில் கழிமுகங்களை உப்பு கலக்கும் விதத்தை வைத்து வகை பிரிப்பார்கள்: அடுக்காக நிற்பது, பாதி கலந்தது, முழுக்கக் கலந்தது. அது வருடம் முழுக்க ஓரளவு ஒரே மாதிரி ஓடும் ஆறுகளைப் பார்த்துப் பிரித்த பிரிவு. நம் ஆறு கார்த்திகையில் முதல் வகை, சித்திரையில் மூன்றாம் வகை, நடுவில் தை மாதம் இரண்டாம் வகை. கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனத்துக்காரர்கள் மாண்டோவி, சுவாரி இரண்டையும் வருடக்கணக்கில் அளந்துவிட்டு இதைத்தான் சொன்னார்கள். இந்தியக் கழிமுகங்கள் பருவமழைக் கழிமுகங்கள், அவை ஒரு நிலையில் நிற்பதே இல்லை என்று. இதைப் படித்தபோது, அப்பாவின் பேச்சை யாரோ கோட்டு போட்டுச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

சரி, டெல்டா விஷயத்துக்கு வருகிறேன். டெல்டா என்பது ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். கழிமுகம் என்பது வாயில் நிற்கும் தண்ணீர். ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. காவிரி டெல்டாவின் வடக்கு ஓரத்தில் ஓடும் கொள்ளிடம், பழையாறு கிராமத்தருகே கடலில் சேரும் இடம் கழிமுகம்தான். அதற்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் கிடப்பதுதான் பிச்சாவரம். அங்கே இருளர்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்த மாதிரி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்த இறால் பறி என்ற கூடைக்குள் போகும். பறியின் கயிறு பல்லில். இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது வேறு எங்கே மாட்டுவது? சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரமும் இந்த உப்புச் சேற்றில் வளர்வதுதான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நர்மதையிலும் தபதியிலும் டெல்டா ஏன் இல்லை என்பதுதான் புத்தகம் சொல்லவந்த விஷயம். அது சரியான விஷயமும்கூட. ஆனால் 'எங்கே டெல்டா இல்லையோ அதுதான் கழிமுகம்' என்று அது சுருங்கிவிட்டது. தமிழில் பெயரும் குழப்பம். ஒரு புத்தகத்தில் கழிமுகம் என்றால் டெல்டா, இன்னொன்றில் அதற்கு நேர் எதிர். பொங்குமுகம், ஓதப்பொங்குமுகம், கயவாய் என்றெல்லாம் வேறு இருக்கிறது. எங்கள் பக்கம் முகத்துவாரம் என்போம். பிரச்சினை முடிந்தது.

தமிழ்நாட்டு முகத்துவாரங்களின் உண்மையான எஜமான் ஆறும் இல்லை, கடலும் இல்லை, மணல். இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட வருவது அபூர்வம். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அலை மணலை வடக்கே தள்ளும், வாடைக்காற்றில் தெற்கே இழுக்கும். ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் இந்த மணல் வாயில் குறுக்கே படுத்துவிடும். அடையாற்று வாய் இப்படி அடைபடுவதும், இயந்திரம் வைத்துத் தோண்டுவதும் சென்னைக்காரர்களுக்குப் பழகிய காட்சி. முட்டுக்காடும் அப்படித்தான். பழவேற்காட்டில் வாய் தூர்ந்தால் ஏரியில் இறால் குஞ்சு ஏறாது, படகும் கடலுக்குப் போக முடியாது. அங்கே முகத்துவாரத்தைத் தூர்வாருவது என்பது தேர்தல் வாக்குறுதி. ஒடிசாவில் சிலிகா ஏரிக்கு 2000 செப்டம்பரில் புதிதாக ஒரு வாயையே வெட்டித் திறந்தார்கள். ஏரி மூச்சு விட்டது, மீன்வரத்து கூடியது.

வைகை பாவம். ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு பயணம் முடிந்துவிடும். வெள்ளம் மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊர்ப்பக்கம் பாக் நீரிணையை எட்டிப் பார்க்கும். தாமிரபரணிக் கதை வேறு. பாண்டியர் துறைமுகமான கொற்கை அதன் வாயில் இருந்த ஊர். ஆறு மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளியதில் துறைமுகம் பழைய காயலுக்கு நகர்ந்தது. இன்றைக்கு வாய் இருப்பது புன்னைக்காயலில். கொற்கையில் நின்றால் சுற்றிலும் வயல், வாழை. கடல் சில கிலோமீட்டருக்கு அப்பால். டெல்டாவும் கழிமுகமும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போனதை இந்த மூன்று ஊர்ப் பெயர்களில் படிக்கலாம்.

என் மனைவிக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டம், மணக்குடி. கல்யாணமான புதிதில் மாமியார் போனில் "பொழி வெட்டியாச்சு மருமகனே" என்றார். ஏதோ வயல் வேலை என்று நினைத்துக்கொண்டு "சரிங்க அத்தை" என்றேன். பிறகுதான் தெரிந்தது, பழையாறு கடலில் சேரும் வாயில் மணல் மூடிக்கொண்டால் அந்தத் திட்டு பொழி. மழைவெள்ளம் பின்னால் தேங்கியதும் அதில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிடுவார்கள். முழங்கால் அகலம் வெட்டினால் போதும், மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் கரை இரண்டு பக்கமும் இடிந்து இடிந்து ஆறே அதில் ஓடும். கேரளாவில் இதையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எப்போதும் திறந்திருந்தால் அழி, மூடித் திறந்தால் பொழி. வகைப்பாடு என்றால் இதுதான் என்று எனக்குப் படும். இரண்டே சொல், கேட்டவுடன் படகை எடுக்கலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடுகிறது.

கேரளாவின் 44 ஆறுகளில் 41 மேற்கே ஓடுபவை. ஆனால் பல ஆறுகள் நேராகக் கடலுக்குப் போவதில்லை. கரைக்கு இணையாகக் கிடக்கும் காயலில் விழுந்து, அங்கிருந்து ஏதாவது ஒரு அழி வழியாகப் போகின்றன. வேம்பநாட்டுக் காயலின் நடுவே 1976 முதல் தண்ணீர்முக்கம் பண்டு என்ற தடுப்பணை இருக்கிறது. குட்டநாட்டு வயல்கள் கடல்மட்டத்துக்கும் கீழே; உப்பு ஏறாமலிருக்க மார்கழி வாக்கில் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். ஷட்டருக்கு வடக்கே கழிமுகம், தெற்கே ஏரி. ஆற்றுக்கொஞ்சு (ஆற்று இறால்) முட்டை பொரிக்க உப்புக்குப் போயாக வேண்டும். போகிற வழியில் கதவு. நெல்லா கொஞ்சா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை.

கர்நாடகக் கரையில் எனக்குப் பிடித்தது அகநாசினி. மேலே அணை இல்லாத ஆறு. கழிமுக ஓரத்து நிலங்களில் உப்பைத் தாங்கும் கக்கா நெல் போடுகிறார்கள். சேற்றில் மட்டி அள்ளுகிறார்கள். கொங்கணத்தில் மலை கடலை நெருக்கிக்கொண்டு நிற்பதால் ஆறுகள் குட்டை. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கிப்போன பள்ளத்தாக்குகள்தான் அங்கே கழிமுகம். மராத்தியில் காடி என்பார்கள் (நம்மூர்ப் புளித்த காடி இல்லை). தானே காடி, வசாய் காடி என்று மும்பையையே சுற்றிக் காடிதான். நார்வேக்காரர்களுக்கு இருக்கும் பனியாறு குடைந்த வகை மட்டும் நம்மிடம் இல்லை.

இனி குஜராத். அங்கேதான் நான் அவமானப்பட்டேன்.

ஓல்பாட் பக்கம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கழியில் பண்ணைப் படகைக் கட்டிவிட்டு வரச் சொன்னார்கள். பரங்கிப்பேட்டைப் பழக்கத்தில் இரண்டு முழம் கயிறு விட்டு மரத்தூணில் இறுக்கிக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் தண்ணீரைக் காணோம். வத்தத்தில் கழி முழுக்க வடிந்து, படகு தூணில் மூக்கால் தொங்கிக்கொண்டிருந்தது, பின்பக்கம் கீழே சேற்றில். உள்ளே வைத்திருந்த தீவன மூட்டை சரிந்து சேற்றோடு சேறு. அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர் சிரித்து முடித்துவிட்டுக் கையை மேலேயும் கீழேயும் ஆட்டிக் காட்டினார், மூன்று ஆள் உயரம் என்று.

காம்பத் வளைகுடா வாய் அகன்று, உள்ளே போகப்போகக் குறுகி, ஆழமும் குறையும். புனல் மாதிரி. வெளியே கண்டத்திட்டும் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) அகலம். ஆகவே உள்ளே வரும் ஓதம், அதாவது ஏத்தத் தண்ணீர், ஒதுங்க இடமில்லாமல் உயர்ந்துகொண்டே போகும். பாவ்நகர் பக்கம் அமாவாசை, பௌர்ணமிக்கு 10 மீட்டரைத் தொடும். அலங்கில் 1983 முதல் பழைய கப்பல்களை உடைப்பதும் இதை நம்பித்தான். பெரிய ஏத்தத்தில் கப்பலை முழு வேகத்தில் கரையேற்றிவிட்டால், வத்தத்தில் அது காய்ந்த தரையில் நிற்கும். எங்கள் பண்ணைக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் தண்ணீர் எடுக்க முடியும். நடுவிலுள்ள நாட்களில் கழி வாய்க்கு வெறும் சேறுதான்.

என் சோடா பாட்டிலை அங்கே இறக்கினேன். மேலே என்ன எண்ணோ கீழேயும் அதே எண். ஓடும் வேகத்தில் டீத்தண்ணி நிறத்தில் எல்லாம் கலங்கிக் கிடக்கும், அடுக்காவது ஒன்றாவது. நர்மதை கொண்டுவரும் மண்ணை இந்த ஓதம் வாயில் உட்காரவிடுவதில்லை. புத்தகம் சொல்லாமல் விட்ட காரணத்தில் பெரிய பங்கு இதுதான். அந்த ஆறுகளும் இப்போது பழைய ஆறுகள் இல்லை. தபதியில் மேலே உகாய் அணை. சூரத்திலேயே ஆற்றின் குறுக்கே தடுப்பணை, அதற்கு மேலே ஓதம் ஏறாது. நர்மதையில் சர்தார் சரோவர் வந்த பிறகு கோடையில் பரூச் வரைக்கும் உப்பு ஏறுகிறது என்று அங்கே மீன்பிடிக்கிறவர்கள் புலம்புகிறார்கள்.

இன்னும் வடக்கே கட்ச் போனால் கணக்கே தலைகீழ். ஆற்றுத் தண்ணீர் பேருக்குத்தான், வெயில் கொளுத்தும், அதனால் உள்ளே போகப்போக உப்பு கூடும். கடலைவிட உட்பக்கம் உப்பு அதிகமான தலைகீழ்க் கழிமுகம். அங்குள்ள கோரி கழி ஒரு காலத்தில் சிந்து நதியின் வாய்களில் ஒன்று. 1819 பூகம்பத்தில் தரை மேடாகி அல்லா பண்டு என்ற நீண்ட வரப்பு எழுந்தது. ஆறு போய்விட்டது, வாய் மட்டும் திறந்தபடி கிடக்கிறது.

கிழக்கே திரும்பினால் வங்காளம். அங்கே கழிமுகங்களை எண்ண முயன்றால் பைத்தியம் பிடிக்கும். ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். இந்தியக் கடற்கரை 7,516 கிலோமீட்டர் என்று படித்தோம் அல்லவா? சமீபத்தில் இன்னும் நுணுக்கமான வரைபடம் வைத்து, கழிகளையும் முகத்துவாரங்களையும் வளைந்து வளைந்து அளந்ததில் 11,098 கிலோமீட்டர் ஆகிவிட்டது. தமிழ்நாடு 906-லிருந்து 1,068. குஜராத் 1,214-லிருந்து 2,340. மேற்கு வங்காளம் 157-லிருந்து 721! கழிமுகம் எங்கே நெருக்கமாக இருக்கிறது என்று கேட்டால் இந்த எண்களைக் காட்டிவிடுவேன். ஹூக்ளியில் ஓதம் சுவர் மாதிரி எழுந்து ஆற்றை எதிர்த்து ஓடுவதும் உண்டு, பான் என்பார்கள். நான் அதைக் கரையிலிருந்து ஒருமுறை பார்த்தேன். படகுக்காரர்கள் முன்கூட்டியே நடு ஆற்றுக்குப் போய்விட்டார்கள். கரையோரம் நின்றால்தான் ஆபத்தாம்.

கோதாவரி டெல்டாவில் ஏனாம் இருக்கிறது, புதுச்சேரிக்குச் சொந்தமான துண்டு. ஆடி, ஆவணி வெள்ளத்தில் உல்லம் மீன் கடலிலிருந்து கழிமுகம் வழியாக ஆற்றில் ஏறும். கடலில் பிடித்தால் அது விலச. செந்நிற வெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டு ஏறிய பிறகு அதுவே புலச; விலை பல மடங்கு. தாலியை விற்றாவது புலச தின்ன வேண்டும் என்று பழமொழியே உண்டு. முதலாளி ஒருமுறை வாங்கிக் கொடுத்தார். முள் அதிகம். தாலி தப்பியது என்று மனைவியிடம் சொன்னேன்.

இதையெல்லாம் மகளிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை அன்னங்கோயில் பக்கம் கூட்டிப்போனேன். இரண்டு நாள் மழை பெய்து ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்தவர் படகில் நடு ஆற்றுக்குப் போனோம். கையால் அள்ளிய தண்ணீரை அவளே கண்ணாடியில் சொட்டினாள். 3. பாட்டிலை இறக்கி, தக்கையைச் சுண்டும் வேலையையும் அவளே செய்தாள். முதல் தடவை தக்கை வரவில்லை. இரண்டாவது தடவை குமிழ் குமிழாக வந்தது. மேலே இழுத்து, பழைய சொட்டைத் துடைக்க மறந்து, கோடு தெரியவில்லை என்று என்னிடம் நீட்டினாள். சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தேன். 19.

நோட்டில் தேதி போட்டு 'மேல் 3, அடி 19' என்று எழுதிக்கொண்டாள். "இதையே மே மாசம் வந்து அளந்தா ரெண்டும் ஒண்ணா இருக்கும், பாரேன்" என்றேன்.

"மே மாசம் லீவுப்பா," என்றாள். "அப்ப யாரு மார்க் போடுவா?"